பாமினியில் அடித்த புத்தகம் பேசிய கதை

ராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் பத்து நாள் இருக்கும். நிவாரண விண்ணப்பக் கூட்டம் ஓய்ந்து, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், எங்கள் தெருக்கோடி அண்ணனை அவர் மகள் கைபிடித்துக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போனாள். அண்ணன் இருபது வருடம் வடகடலில் விசைப்படகு ஓட்டியவர். சர்க்கரையில் பார்வை போய் ஆறு வருடம் ஆகிறது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடரைப் போனில் போட்டுக்கொண்டு செய்தி கேட்பார், வாட்ஸாப் பார்ப்பார், எங்களையெல்லாம் விட வேகமாகப் பதிலும் போடுவார்.

"தங்கச்சி, நீ அனுப்புன புத்தகம் என்ன பாஷை பேசுதுன்னு கொஞ்சம் கேளு" என்று போனை என் காதுப் பக்கம் நீட்டினார்.

கேட்டேன். "கே பி டி டி எச்" என்றது போன். அப்புறம் ஏதோ நான்கைந்து ஆங்கில எழுத்து, நடுவே ஓர் அரைப்புள்ளி, மறுபடி எழுத்துகள். அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புத்தகம் 2009இல் நானே அடித்து, நானே பக்கம் கட்டியது. மீனவர்களுக்கான 64 பக்கக் கையேடு: புயல் கூண்டு, கடல் பாதுகாப்பு, நலத்திட்டங்கள், விண்ணப்பப் படிவங்கள். அச்சுப் பிரதி எல்லாம் தீர்ந்துபோனதால் அதன் பிடிஎஃப்பைத் தெருக் குழுவில் போட்டு, நாலு பேர் கைகூப்பி அனுப்பியதைப் பார்த்துப் பூரித்துப்போய் இருந்தேன்.

"கே பி டி டி எச்" என்பது "மீனவர்". பாமினி எழுத்துருவில் ‘ம’வுக்குக் கே விசை, ‘ஈ’ குறிக்குப் பெரிய பி, ‘ன’வுக்கு டி என்று போகும். அதாவது, கம்ப்யூட்டருக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். அதன் மேல் தமிழ் உருவத்தை முகமூடிபோல மாட்டிவைத்தது எழுத்துரு. கண்ணுக்கு முகமூடி தெரியும். ஸ்கிரீன் ரீடர் முகமூடியைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணை போட்டது 2010இல். எங்களைப் போன்ற கடைகளில் பாமினியும் வானவில் எழுத்துருவும் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடின. என் கையில் இன்றைக்கும் பாமினிதான் வேகம்.

சரி, மூலக் கோப்பை எடுத்து மாற்றிவிடலாம் என்று பழைய சிடியைத் தேடினேன். கடற்கரை ஊர், உப்புக் காற்று. சிடியின் முதுகு தேமல் விழுந்த மாதிரி உதிர்ந்திருந்தது. பேஜ்மேக்கர் கோப்பு போனது போனதுதான். மிச்சம் இருப்பது பிடிஎஃப் மட்டும்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாமினியில் அடித்த பழைய பிடிஎஃப்பை மீட்பது, யூனிகோடில் செய்த சில புதிய பிடிஎஃப்பை மீட்பதைவிடச் சுலபம். பிடிஎஃப் என்பது எழுத்தை வைத்திருக்கும் கோப்பு அல்ல. இந்த இடத்தில் இந்த உருவத்தை வரை என்ற கட்டளைகளின் மூட்டை. யூனிகோடில் ‘கொ’ என்றால் முதலில் க, அப்புறம் ஒகரக் குறி. வரையும்போதோ கொம்பு, க, கால் என்று மூன்று உருவம். உருவத்திலிருந்து எழுத்துக்குத் திரும்பிவரும் வழியைக் கோப்பு சரியாகக் குறித்துவைக்காவிட்டால், ‘கொண்டல்’ என்று இருப்பதை நகலெடுத்து ஒட்டினால் கொம்பு முன்னால் தனியாக நிற்கும், க பின்னால் வரும். பாமினியில் அந்தச் சிக்கலே இல்லை. கொம்பும் காலும் தனித்தனி விசை, தட்டிய வரிசையில்தான் வரையப்படும். நகலெடுத்து, எழுத்துரு மாற்றியில் போட்டால் நல்ல தமிழ் வந்துவிடும்.

வந்தது. ஏறக்குறைய.

முதல் பக்கத்திலேயே "ஏர்கு 16-ஆம் அலைவரிசையில் உதவி கேட்கவும்" என்று இருந்தது. ஏர்கு என்றால் என்ன என்று கால் மணி நேரம் யோசித்தேன். விஎச்எஃப், படகு ரேடியோ. அந்த மூன்று எழுத்தை மட்டும் அன்றைக்கு ஆங்கில எழுத்துருவில் அடித்திருக்கிறேன். மாற்றிக்கு அது தெரியாது. வி என்றால் ஏ, எச் என்றால் ர், எஃப் என்றால் கு என்று சமர்த்தாக மாற்றிவிட்டது. கடலில் ஆபத்து வந்தால் எல்லோரும் கூப்பிடுகிற அலைவரிசைக்கு ஏர்கு என்று பெயர் வைத்துக் கொடுத்திருப்பேன்.

அடுத்தது காற்புள்ளி. பாமினியில் காற்புள்ளி விசையைத் தட்டினால் ‘இ’ விழும். ஆகவே ஆங்கில எழுத்துருவில் ரூ.1,00,000 என்று இருந்ததெல்லாம் ரூ.1இ00இ000 ஆகிவிட்டது. மொத்தமாகத் தேடி மாற்றலாம்தான், ஆனால் "2009இல்" என்பதில் வரும் இ நல்ல இ. அதனால் இரண்டு பக்கமும் எண் இருக்கிற இ-யை மட்டும் மாற்றும்படி வேர்டில் விதி எழுதினேன்.

மூன்றாவதுதான் கண்ணுக்கே தெரியாத எதிரி. ‘பௌர்ணமி’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் நாங்கள் எல்லோருமே கொம்பு, ப, அதன் பின் ‘ள’ என்று அடிப்போம். பார்வைக்கு ஔகாரக் குறியும் ள-வும் ஒன்றுதான். யூனிகோடில் அது ‘பெளர்ணமி’. திரையில் பார்த்தால் உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாது. போன் மட்டும் "பெ-ள-ர்ணமி" என்று படிக்கிறது. அலையும் நீரோட்டமும் பேசுகிற புத்தகத்தில் பௌர்ணமி வராத பக்கம் குறைவு. கௌரவம், மௌனம், சௌகரியம், ஔவை எல்லாவற்றையும் தேடிப் பிடித்தேன். அடித்த நாளிலிருந்து என் கண் சரி என்று சொன்ன எழுத்தை அண்ணன் காது ஒரே தடவையில் தப்பு என்று சொல்லிவிட்டது. பதினாறு வருடமாக நான் அடித்தது எழுத்தா, எழுத்தின் படமா என்று அன்றைக்கு எனக்கே சந்தேகம் வந்தது.

அப்புறம் வரி முறிவு. பிடிஎஃப்பிலிருந்து எடுத்தால் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு என்டர் வந்துவிடும். தமிழ் அச்சில் நாம் சொல்லை நடுவில் வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளுவோம், இணைப்புக் கோடுகூடப் போடமாட்டோம். ஆகவே "வல்லங்க" ஒரு வரி, "ளில்" அடுத்த வரி. டாக்பேக் "வல்லங்க" என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "ளில்" என்கிறது. எல்லா என்டரையும் அழித்துவிட்டால் சொற்கள் ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் பதில் இடைவெளி விட்டால் "வல்லங்க ளில்" ஆகும். எது வெட்டிய சொல், எது தனிச் சொல் என்று கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்வது?

இரண்டு நாள் கையால் சேர்த்தேன். மூன்றாம் நாள் இரவு, கரண்ட் போன நேரத்தில், பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா உருப்போடவைத்த மொழிமுதல் எழுத்து விதி ஞாபகம் வந்தது. ண, ன, ள, ழ, ற இந்த ஐந்தும் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. புள்ளி வைத்த எழுத்து எதுவும் வராது. அப்படியானால், இவற்றில் ஒன்றோடு தொடங்கும் வரி கண்டிப்பாக வெட்டுப்பட்ட சொல்லின் வால். மேல் வரியோடு ஒட்டிவிடலாம். ர, ல இரண்டையும் விதிப்படி சேர்த்திருக்கலாம், ஆனால் ராமேசுவரம், ராமநாதபுரம், ரூபாய், லாரி, லைசென்ஸ் என்று நம் பாடே ர-விலும் ல-விலும்தானே ஓடுகிறது. அவற்றை விட்டுவிட்டேன். கரண்ட் வந்ததும் விதியை ஓட்டினேன். வெட்டுப்பட்டவற்றில் பாதிக்கு மேல் ஒரே நொடியில் ஒட்டிக்கொண்டன. மிச்சத்தைக் கண்ணால் பார்த்துச் சேர்க்க நான்கு இரவு. ஐயாவைப் பார்த்தால் சொல்ல வேண்டும், மார்க்குக்கு வெளியேயும் அந்த விதி உதவியது என்று.

கடைசி எட்டுப் பக்கம் ஸ்கேன் செய்த படிவங்கள், வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறிவிடுகிறது, பரவாயில்லாத தமிழ்தான். ஆனால் காலும் ர-வும் குழம்பி "தடைக்கரலம்" என்று வரும், ன-வும் ண-வும் இடம் மாறும். ஒருதடவை முழுதும் படிக்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

எழுத்து சரியானதும் வேலை முடிந்தது என்று நினைத்து அண்ணனுக்கு வேர்டு கோப்பை அனுப்பினேன். மறுநாள் காலை போன்.

"தமிழ் நல்லா பேசுது தங்கச்சி. ஆனா கூண்டு பக்கத்துக்குப் போறதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும்போல. முதல்லேருந்து தேய்ச்சுக்கிட்டே வரணுமா?"

நான் தலைப்புகளைப் பெரிதாக்கித் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். கண்ணுக்கு அது தலைப்பு. ஸ்கிரீன் ரீடருக்கு அதுவும் இன்னொரு பத்தி. வேர்டில் ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ என்று ஸ்டைல் இருக்கிறதே, அதை இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் தொட்டதில்லை. அதைக் கொடுத்தால்தான் தலைப்பு என்று கருவிக்குத் தெரியும். கடைக் கம்ப்யூட்டரில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை இறக்கினேன். இலவசம், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006இல் தொடங்கியது, தமிழும் பேசும். மானிட்டரை அணைத்துவிட்டு எச் விசையைத் தட்டிப் பார்த்தேன். தலைப்புக்குத் தலைப்பு தாவுகிறது. டி விசைக்கு அட்டவணை. அட, இப்படித்தான் இவர்கள் புத்தகத்தைப் புரட்டுகிறார்களா என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணுள்ளவன் பக்கத்தைத் தள்ளித் தள்ளி மேய்கிறான், அவர்களுக்குத் தலைப்புதான் பக்கம்.

மொழிக் குறியையும் அப்போதுதான் கவனித்தேன். கோப்பின் மொழி ஆங்கிலம் என்றே இருந்தது. முழுதையும் தேர்வு செய்து தமிழ் என்று மாற்றியதும் குரல் தானாகத் தமிழுக்கு மாறியது. ஒரு நிமிட வேலை.

புயல் கூண்டு அட்டவணைதான் என் பெருமை. 2009இல் மூன்று நாள் உட்கார்ந்து கட்டியது. ஐந்து பத்தி, அதாவது மேலிருந்து கீழாக ஐந்து வரிசை: வகை, எண், பகலில் ஏற்றும் குறி, இரவில் ஏற்றும் விளக்கு, பொருள். குறிகளும் விளக்குகளும் நானே வரைந்த படம். இடது ஓரத்தில் 5, 6, 7 மூன்றையும் சேர்த்து "அபாயம்" என்று ஒரே கட்டம், 8, 9, 10-க்குச் சேர்த்துப் "பெரும் அபாயம்" என்று ஒரே கட்டம். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்கும்.

என்விடிஏயில் அதற்குள் இறங்கினால் படுமோசம். 5-ஆம் வரியில் "அபாயம்" என்கிறது. 6-ஆம் வரிக்கு இறங்கினால் அந்தக் கட்டம் இல்லை, பத்தி ஒன்று நகர்ந்துவிட்டது, தலைப்பு ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. படங்களுக்கு வந்தால் "கிராஃபிக், கிராஃபிக்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு நகர்கிறது. பாம்பனில் கூண்டு ஏற்றியிருக்கிற நாளில் இதைத் திறந்து கேட்பவருக்கு நான் கொடுத்தது அவ்வளவுதான்.

சேர்த்த கட்டங்களைப் பிரித்தேன். ஒவ்வொரு வரியிலும் "அபாயம்" என்று திரும்ப எழுதினேன். முதல் வரியைத் தலைப்பு வரி என்று குறித்தேன். படத்துக்குப் பதில் ஸ்கிரீன் ரீடர் படிக்கும் மாற்று உரை எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது "படம் 7". வெட்கமாக இருந்தது, அழித்தேன். பிறகு கூம்பு எத்தனை, உருளை எத்தனை, எது மேலே, எது கீழே, விளக்கு சிவப்பா வெள்ளையா என்று விலாவாரியாக எழுதி, அண்ணனை வரவழைத்துப் படிக்கவிட்டேன். காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்போன் மாட்டினார். மற்றக் காது வெளியே இருக்க வேண்டுமாம். போன் பேசிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

"கூம்பு கவிழ்ந்திருந்தா எனக்கென்ன, நிமிர்ந்திருந்தா எனக்கென்ன? கம்பத்த நான் பார்க்கப் போறதில்ல. பையன் போன் பண்ணி அஞ்சு ஏத்திட்டாங்கம்பான். அஞ்சுன்னா என்னன்னு எனக்கு உடனே வேணும்."

நியாயம். பத்தி வரிசையை மாற்றினேன். எண், அதை ஒட்டியே பொருள். 1: தொலைவில் தாழ்வு நிலை, இங்கே பாதிப்பு இல்லை. 2: தொலைவில் புயல், கிளம்பும் கப்பல்களுக்கு எச்சரிக்கை. 3: துறைமுகத்தில் பலத்த காற்று வரலாம். 4: புயலால் துறைமுகத்துக்கு ஆபத்து வரலாம், இன்னும் பெரிதில்லை. 5, 6, 7 மூன்றும் அபாயம்: புயல் போகும் பாதைக்குத் துறைமுகம் இடப்பக்கம் இருந்தால் 5, வலப்பக்கம் என்றால் 6, துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகே கடந்தால் 7. அதே மூன்றும் கடும் புயலாக இருந்தால் 8, 9, 10. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோனால் 11. உருவ வர்ணனையைக் கடைசிப் பத்திக்குத் தள்ளினேன். எடுத்துவிடட்டுமா என்று கேட்டபோது அண்ணன்தான் வேண்டாம் என்றார், பேரப்பிள்ளைகள் கேட்டால் சொல்ல வேண்டுமாம்.

பக்க ஓரத்தில் அழகுக்கு வைத்த மீன் கொடிகளை எல்லாம் ‘அலங்காரம்’ என்று குறித்துவிட்டேன். இல்லையென்றால் பக்கத்துக்கு ஒருதடவை "கிராஃபிக்" என்று சொல்லும். படிவங்களில் நாம் போடும் புள்ளிக் கோடு இருக்கிறதே, "பெயர்" என்று போட்டு நாற்பது புள்ளி, அதை எடுத்துவிட்டு இரண்டு பத்தி அட்டவணை வைத்தேன். கோப்பின் பெயர் ‘புக் ஃபைனல் நியூ 2’ என்று இருந்தது, அதையும் மாற்றினேன்.

ஒன்றில் அதிகப் புத்திசாலித்தனம் காட்டப் போய் வாங்கிக்கட்டிக்கொண்டேன். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் போன் "ஆயிரத்து..." என்று படித்தது. உதவியாக இருக்கட்டும் என்று ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவே இடைவெளி விட்டேன். அண்ணன் கடிந்துகொண்டார். எண்ணைத் தொட்டால் நேராக அழைக்கிற வசதி போய்விட்டது, தேடினாலும் கிடைக்கவில்லை. "எழுத்து எழுத்தா படிக்கச் சொல்ல எனக்குத் தெரியும். நீ எழுதுறத எழுதுற மாதிரி எழுது." அதன் பிறகு உச்சரிப்புக்காக எழுத்தைத் திருகுவதை விட்டேன்.

அவர் காதில் பட்ட இன்னொன்று, என் வேலையே அல்லாத ஒன்று. தடைக்காலம் 45 நாள், மே 29 வரை என்று பழைய புத்தகத்தில் இருந்தது. 2017இலிருந்து விசைப்படகுகளுக்கு 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மூன்று தடவை பிழை திருத்திய என் கண்ணில் அது படவே இல்லை. தடைக்காலத்திலேயே உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தேன் என்பதுதான் கொடுமை.

இனி பிடிஎஃப். பழக்க தோஷத்தில் ‘பிரிண்ட்’ கொடுத்துப் பிடிஎஃப் ஆக்கினேன். தலைப்பு, அட்டவணை, மாற்று உரை அத்தனையும் மாயம். பிரிண்ட் வழியாகப் போனால் தாளில் விழும் உருவம் மட்டும்தான் போகும், அமைப்புக் குறிகள் போகாது. ‘சேவ் ஆஸ்’ வழியாகப் போய், விருப்பங்களில் அணுகல் குறிகள் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துச் சேமிக்க வேண்டும். லிப்ரேஆபிஸில் 7.0இலிருந்து பிடிஎஃப்-யுஏ என்றே ஒரு தேர்வு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் படிக்கக்கூடிய பிடிஎஃப்புக்காக 2012இல் வந்த ஐஎஸ்ஓ 14289 தரத்தின் பெயர் அது. சேமித்ததை, அணுகல் குறிகளைச் சோதிக்கும் பிஏசி என்ற இலவசக் கருவியில் போட்டுப் பார்த்தேன், பச்சை டிக்காக வந்தது. மகிழ்ந்துபோய் அனுப்பினேன்.

அண்ணன் போனில் தலைப்புத் தாவல் வேலை செய்யவில்லை. கொம்பு எழுத்துகள் சில இடத்தில் முன்னால் போய் நின்றன. அதே கோப்பு கடைக் கம்ப்யூட்டரில் நன்றாகப் படிக்கிறது. குறிகள் கோப்பில் இருந்தால் மட்டும் போதாது, திறக்கிற ஆப்பும் அவற்றை மதிக்க வேண்டும். கடற்கரையில் யார் கையில் கம்ப்யூட்டர் இருக்கிறது? எல்லாம் போன், அதுவும் எட்டாயிரம் ரூபாய் போன். இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, பிடிஎஃப்பை அச்சுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டேன். அதே வேர்டு கோப்பை இணையப் பக்கமாக, அதாவது எச்டிஎம்எல் ஆகச் சேமித்து, மொழி தமிழ் என்று முதல் வரியிலேயே குறித்து அனுப்பினேன். குரோமில் திறந்தது. விரலைக் கீழே இழுக்க இழுக்கத் தலைப்புக்குத் தலைப்பு போனது. தமிழில் எதையாவது போனில் கேட்கக் கொடுக்க வேண்டுமென்றால் என் கருத்து இனி இதுதான்: பிடிஎஃப் வேண்டாம். பிடிஎஃப்பே வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், அதிலிருந்து கொம்பு வரும் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டிப் பாருங்கள். அங்கே எழுத்து சிதறினால் காதிலும் சிதற வாய்ப்பு அதிகம்.

எச்டிஎம்எல் ஆனதில் எதிர்பாராத ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் ஓர் அக்கா, கண்ணில் புரை. பிடிஎஃப்பைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் வலமும் இடமும் இழுக்க வேண்டியிருந்ததாம். இதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்குகிறது. அவர்தான் சொன்னார், படக் குறிப்பெல்லாம் சாம்பல் நிறத்தில் வெயிலில் தெரியவில்லை என்று. அச்சில் நாகரிகமாக இருக்குமே என்று நான் போட்ட சாம்பல். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது டபிள்யுசிஏஜி என்ற இணைய அணுகல் வழிகாட்டி. அளந்து பார்த்தேன், என்னுடையது 3-ஐக்கூடத் தொடவில்லை. கருப்பாக்கினேன். "சிவப்பில் உள்ளவை கட்டாயம்" என்று ஒரு குறிப்பு இருந்தது, சிவப்பே தெரியாதவர் என்ன செய்வார்? "கட்டாயம்" என்ற சொல்லையே ஒவ்வொன்றின் முன்னும் எழுதினேன். வலை இழுக்கும் விஞ்சில் கை மாட்டி விரல் போன ஒருவர், இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்க வேண்டிய பாடு இல்லை என்றார். இதை நான் யோசிக்கவே இல்லை.

கடைக்கு வந்த ஒருவர், ஊரில் எத்தனை பேருக்காக இவ்வளவு வேலை என்று கேட்டார். சட்டம் பேசினேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்ததையும், அணுகல் விதிகள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டியவையாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துவிட்டேன். சட்டத்தில் அவருக்கு ஆர்வம் இல்லை. கூண்டு அட்டவணையை மட்டும் தனக்கும் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியாக வரைபடம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள், சுற்றி மீன்பிடிக்கக் கூடாத பகுதி. மாற்று உரையில் "மன்னார் வளைகுடாத் தீவுகளின் வரைபடம்" என்று எழுதியிருந்தேன். அண்ணன் கேட்டுவிட்டு, "படம் இருக்குன்னு சொல்றே. தீவு எங்கே இருக்குன்னு சொல்லலியே" என்றார். நான் வரைபடத்தைப் பார்த்து, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் விழித்தேன். அவர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை முன்னே நீட்டினார்.

"எழுது. பாம்பன் பாலத்துக்குத் தெக்க, தென்கடல்ல இறங்குனா முதல்ல சிங்கிள் தீவு, அதுக்குப் பக்கத்துல குருசடை. அப்படியே மேக்க போனா புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிபுட்டி, மனோலி, முசல்தீவு. மண்டபத்து வரிசை ஏழு முடிஞ்சுபோச்சு."

கை ஒவ்வொரு தீவுக்கும் காற்றில் ஒரு விரற்கடை நகர்ந்தது. கீழக்கரை வரிசை ஏழு: முள்ளி, வாலை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார். வேம்பார் மூன்று, தூத்துக்குடி நான்கு. தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளுக்கு மட்டும் நான் வரைபடத்தைப் பார்த்து எடுத்துக்கொடுத்தேன். பூவரசன்பட்டி வந்ததும் நிறுத்தினார். "அது தண்ணிக்குள்ள போயிருச்சு. உன் படத்துல எப்படிப் போட்டிருக்கே?"

பார்த்தேன். மற்றவற்றைப் போலவே பச்சைப் புள்ளி. தூத்துக்குடி வரிசையில் விலாங்குச்சல்லியும் அப்படித்தான். இரண்டும் நீரில் மூழ்கியவை என்று உரையில் எழுதினேன். படத்திலும் புள்ளியை மாற்றி வெறும் வட்டமாக்கினேன்.

"முயல் தீவுன்னா போட்டிருக்கே? யாரு முயல்ங்கிறா? முசல்னு போடு" என்றார். தேடுகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டுமே என்று "முயல் தீவு, நம் ஊர் வழக்கில் முசல்தீவு" என்று இரண்டையும் போட்டேன். ஒத்துக்கொண்டார், அரை மனதாக.

ஜூன் 14 இரவு கோப்பைக் குழுவில் போட்டேன். மறுநாள் படகுகள் கிளம்பிவிட்டன, கடையில் ஐஸ் பில்லும் டீசல் பில்லும் அடிக்கக் கூட்டம். பழைய பிடிஎஃப் இன்னும் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன வாரம் தொண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர், உபயோகமான புத்தகம், எல்லோருக்கும் பகிரவும் என்று எனக்கே அனுப்பினார்.